உயிர்க்கம்பி

கஸ்பார் தன் தொழிலில் ஒரே ஒரு தப்புதான் செய்தான். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். தெரிந்தே செய்தான். அதையும் வேறு எவர் வண்டியிலோ செய்யவில்லை, கட்டிய பெண்டாட்டியின் வண்டியில் செய்தான்.

முதலில் அவன் தொழில் என்னவென்று சொல்லிவிடவேண்டும். தூத்துக்குடியில் வண்டிகளுக்கு வருகிற நோய் ஒன்றுதான். உப்புக்காற்று பட்டுப் பட்டு, உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுகளின் செம்புக் கோடுகளில் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். அப்புறம் அந்த வண்டிக்குப் புத்தி பேதலித்த மாதிரிதான். ஹார்னை அழுத்தினால் வைப்பர் ஆடும். நிறுத்திவைத்த இடத்தில் விளக்கு தானாகக் கண் சிமிட்டும். அந்தக் களிம்பை எடுத்துத் தருகிறவன் கஸ்பார். துறைமுகச் சாலையில் பட்டறை, கூட்டாளி இசக்கியப்பன்.

களிம்பு எடுப்பது ஒரு காலத்தில் பெரிய வித்தையாக இல்லை. போர்டைக் கழற்றி, உப்பில்லாத தண்ணீரில் முக்கி, ஸ்பிரிட் தொட்டுப் பல் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, மேலே வார்னிஷ் பூசினால் அரை மணி நேர வேலை. பழகி வந்த பிறகுதான் வந்தது வம்பு.

கம்பெனிக்காரர்கள் அந்தச் சில்லுக்கு வைத்த பெயர் அரை முழம் நீளம் இருக்கும். பழகி என்பது பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். ஓட்டுகிறவனின் கையையும் காலையும் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம் ஒருவன் ஓட்டினால் போதும், பிறகு அவன் சும்மா உட்கார்ந்திருந்தாலே வண்டி அவன் ஓட்டுகிற மாதிரி ஓடும். எந்த வளைவில் எவ்வளவு மெதுவாகத் திரும்புவான், எந்த டீக்கடையில் நிறுத்துவான், யாரைக் கண்டால் ஹார்ன் அடிப்பான் எல்லாம் அதற்கு அத்துப்படி. அவன் செத்துப்போன பிறகும் அப்படியே ஓடும். இதைத்தான் யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. ஊரில் பழைய வண்டி விற்பனையே படுத்துவிட்டது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் ஞாயிறு தவறாமல் அவன் காரில் போய் உட்கார்ந்து கடற்கரை வரை போய்வந்தாள். அப்பாவின் ஆட்டோவுக்காக அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வண்டிக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லவேண்டியதாயிற்று.

ஆகஸ்டில் ஒரு நாள், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் செத்துப்போன அப்பாவின் ஆட்டோவைக் கொண்டுவந்திருந்தார். பெஞ்சில் கஸ்பாரின் மனைவி பிலோமியும் தன் வேனுக்காகக் காத்திருந்தாள்.

"இதை அப்படியே காப்பி எடுத்துப் புது போர்டுல போட முடியாதா?" என்று வாத்தியார் கேட்டார்.

"சட்டம் விடாது சார். ஒருத்தர் பழக்கம் அவருக்கு மட்டுந்தான் சொந்தம். காப்பி எடுக்கவே முடியாதபடிதான் செஞ்சிருக்கான். கரண்டு ஒரு நொடி நின்னாலும் எல்லாம் அழிஞ்சுரும்" என்றான் கஸ்பார்.

"அப்ப எப்படிக் கழுவுதீங்க?"

கஸ்பார் இரண்டு கவ்விகள் உள்ள சிவப்புக் கம்பியை எடுத்துக் காட்டினான். "இதான் உயிர்க்கம்பி. கழுவி முடிக்கிற வரைக்கும் பழகிக்கு இது வழியா கரண்டு போய்க்கிட்டே இருக்கும். ஆனா கரண்டு ஓடுத போர்டைத் தண்ணில முக்கினா களிம்பு ஒரு மணி நேரத்துல செம்புக் கோடுகளையே தின்னுரும். அதனால பஞ்சை ஸ்பிரிட்ல தொட்டு அங்குலம் அங்குலமா ஒத்தி எடுக்கணும். மூணு நாளாவும்."

"கம்பியை எடுத்துட்டா?"

"அரை மணி நேரம். ஆனா உங்கப்பா இருக்க மாட்டாரு."

எடுத்துவிடலாம் என்றார் வாத்தியார். உடனே எடுத்துவிடுவதில்லை. துறைமுகச் சாலைப் பட்டறைகளில் ஒரு முறை உண்டு. வண்டிக்கு உடையவரைப் போர்டுக்கு முன்னால் நிறுத்தி, "எடுக்கலாமா?" என்று மூன்று தரம் கேட்கவேண்டும். பின்னால் வந்து அழுது சட்டையைப் பிடித்தவர்கள் அதிகமானதால் ஏற்பட்ட வழக்கம் அது. முதல் தரம் வாத்தியார் "எடுங்க" என்றார். இரண்டாம் தரம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் தரம், "மூணு நாளே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பிலோமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய வேனில் ஐஸ்பெட்டியிலிருந்து மீன்தண்ணீர் ஒழுகி, சீட்டுக்கு அடியில் இருந்த போர்டு பாசி பிடித்த குளத்துப்படி மாதிரி ஆகியிருந்தது. இசக்கியப்பன் உயிர்க்கம்பியை மாட்டிப் போர்டைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"சுத்தம் பண்ணித் தாங்க" என்றாள் பிலோமி. சொல்லிவிட்டும் போகாமல் நின்றாள். "எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியே?"

"உங்கிட்ட என்னத்தக் கேக்க? எனக்குத் தெரியாதா?" என்றான் கஸ்பார். அவன் குரலில் இருந்த எரிச்சல் இசக்கியப்பனுக்கே கேட்டது.

எரிச்சலுக்குக் காரணம் ததேயு. பிலோமியின் முதல் கணவன். அவன் நெஞ்சுவலியில் போய் மூன்று வருஷம் ஆகிறது. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து அவள் கருவாடு சேர்த்துவைத்து விற்கும் கிட்டங்கிக்கு அந்த வேனை ஆறு வருஷம் ஓட்டியவன். கஸ்பார் நாற்பத்து மூன்று வயதுவரை கல்யாணம் ஆகாமல் இருந்து, எட்டு மாதத்துக்கு முன்னால்தான் பிலோமியைக் கட்டினான். வேனும் கூடவே வந்தது. வேனோடு ததேயுவும் வந்தான்.

ஓட்டுநர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் ஒருவர் இருக்கவேண்டும் என்பது சட்டம். பிலோமிக்கு லைசென்ஸ் இல்லை. அதுவரை கூலிக்கு ஓர் ஆளை உட்காரவைத்திருந்தாள். இப்போது தினமும் காலையில் கஸ்பார் போய் உட்கார்ந்தான். வெறுமனே உட்கார்ந்ததுதான். ஸ்டியரிங் தானாகத் திரும்பும், பிரேக் தானாக விழும். பக்கத்துச் சீட்டில் பிலோமி ஏறினால் வேன் நடைவேகத்துக்கு வந்துவிடும். அவள் இறங்கினதும் பறக்கும். வீட்டு வாசலுக்கு வந்தால் இரண்டு ஹார்ன். எல்லாவற்றையும்விடக் கஸ்பாரின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது இன்னொன்று. கிட்டங்கிக்குள் நுழைவதற்கு முன்னால், எதிர்ச்சாரியில் இருக்கும் வாகைமரத்தடியில் வேன் தினமும் நாலு நிமிடம் நிற்கும். அங்கிருந்து பார்த்தால் கிட்டங்கியின் உள்ளே பிலோமி நடமாடுவது நன்றாகத் தெரியும்.

"அங்கன என்னத்துக்கு நிக்கி?" என்று ஒரு முறை கேட்டிருக்கிறான்.

"அது அவிய பழக்கம். பொறவு தானா வந்துரும்" என்று சொல்லி பிலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அழுகையை மறைக்கிறாள் என்று கஸ்பார் நினைத்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்கு அப்புறமும் பெண்டாட்டியை மரத்தடியில் நின்று கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் ஒருவன் உள்ளே போயிருக்கிறான். அவள் கூட வந்தால் பாதை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று உருட்டியிருக்கிறான். இப்படிப்பட்டவனோடு எப்படிப் போட்டிபோடுவது? உயிரோடு இருந்தாலாவது அவன் குறட்டை விடுவான், குடித்துவிட்டு வருவான், தொப்பை போடுவான். செத்தவன் எந்தத் தப்பும் செய்யமாட்டான். கஸ்பாருக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை என்றால் அது சோற்றின் குற்றமில்லை.

மறுநாள் காலை முழுக்க அவன் பஞ்சும் ஸ்பிரிட்டுமாகப் போர்டின் மேல் குனிந்தே இருந்தான். பார்த்துக்கொண்டிருந்த இசக்கியப்பனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணாச்சி, சக்களத்தனுக்குப் பவுடர் போடுத மாதிரில்லா இருக்கு!"

"வேலையப் பாருல."

இசக்கியப்பன் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனான். அந்த நேரத்தில் பிலோமி போன் செய்தாள்.

"போர்டு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்காரு."

அவள் மெல்ல, "முழுசா சுத்தமாயிருமா?" என்று கேட்டாள்.

அந்த மெல்லிய குரல்தான் கஸ்பாருக்குக் கிறுக்குப் பிடிக்கவைத்தது. அவன் காய்ச்சலில் கிடந்த வாரம்கூட அவள் அப்படி ஒரு குரலில் விசாரித்ததாக நினைவில்லை. "ஆயிரும்" என்று சொல்லிப் போனை வைத்தான். வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. உயிர்க்கம்பியின் கவ்வியை இரண்டு விரலால் அமுக்கி எடுத்தான்.

புகை வரவில்லை, சத்தம் வரவில்லை. ஆறு வருஷத்து ததேயு ஒரு தும்மல்கூடப் போடாமல் போய்விட்டான். கஸ்பார் போர்டைத் தண்ணீரில் முக்கினான். அரை மணி நேரத்தில் செம்புக்கோடுகள் புதுக் காசு மாதிரி மின்னின. கூட்டாளி வருவதற்குள் கம்பியை மறுபடி மாட்டி, பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டான். ஊருக்குக் கணக்காக மூன்றாம் நாள்தான் போர்டை வேனில் பூட்டினான்.

"புது வார்னிஷ். உள்ளே ஈரம் இழுக்கணும். ரெண்டு மாசத்துக்கு நானும் கை வச்சுக்கிட்டே இருக்கணும். பழக்கமெல்லாம் அப்படியேதான் இருக்கு" என்று பிலோமியிடம் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள்.

முதல் நாள் பயத்தில் எல்லாமே மறந்துவிட்டது. துறைமுகத்திலிருந்து நேரே வந்தான், வாகைமரத்தைத் தாண்டினான், கிட்டங்கி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் உறைத்தது. பிலோமி வாசலில் நின்றுகொண்டு மரத்தைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டோம் என்று கஸ்பார் நினைத்தான். அவளோ வாய்விட்டுச் சிரித்தாள். சாயங்காலம் சீலாமீன் வாங்கிவந்து குழம்பு வைத்தாள். கடற்கரைக்குப் போகலாம் என்று தானாகவே வேனில் ஏறினாள். "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்தாள்.

கஸ்பார் இதை எப்படி எடுத்துக்கொண்டான் தெரியுமா? ததேயு பிழைத்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை, அதனால்தான் மரத்தடியைத் தாண்டி வந்ததைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று. பொறாமை ஏறிய மனசுக்கு எதைக் காட்டினாலும் எதிராளியின் முகம்தான் தெரியும். மீன்குழம்பு அவனுக்குக் கசந்தது. இன்றைக்குத் தப்பினாலும் நாளைக்கு அவளுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். அந்தச் செத்த பயல் காட்டிய அன்பை என்னால் காட்ட முடியாதா என்ற வீம்பு ஒரு பக்கம்.

மறுநாள் முதல் அவன் ததேயு ஆனான்.

வாகைமரத்தடியில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்து நாலு நிமிடம் இருந்தான். கிட்டங்கிக்குள் பிலோமி கையில் கூடையோடு அப்படியே நின்றுவிட்டது தெரிந்தது. உருகிப்போய்விட்டாள் என்று நினைத்தான். வீட்டு வாசலில் இரண்டு ஹார்ன் அடித்தான். அவள் ஏறினால் நடைவேகத்தில் உருட்டினான். ஒரு வாரம் போனது. பிலோமி வேனில் பேசுவதை நிறுத்திவிட்டாள். கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு வந்தாள். பூ வைப்பது நின்றது. கிட்டங்கியில் எடைபோடும் தொம்மையோடு எந்நேரமும் கேலி பேசிக்கொண்டிருப்பவள் அதையும் விட்டாள். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில்.

பழைய ஞாபகம் கிளம்பி அவளை வாட்டுகிறது என்று கஸ்பார் முடிவுகட்டினான். அவளுக்கு இன்னும் அவன்தான் வேண்டும். அப்படியானால் இன்னும் அச்சாகச் செய்துவிடுவோம் என்று ஹார்னின் இடைவெளியைக்கூடத் திருத்திக்கொண்டான்.

நாலு நிமிடம் என்பது கொஞ்ச நேரமில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் என்னென்னவோ படத் தொடங்கும். தொம்மை எத்தனை தரம் அவள் பக்கம் வருகிறான், எவ்வளவு நெருங்கி நிற்கிறான் என்பதெல்லாம் கஸ்பாருக்குப் படத் தொடங்கியது. இரண்டு மாதம் ஆகப்போகிற சமயத்தில் ஒரு நாள், நடைவேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, சும்மா கேட்கிற மாதிரி கேட்டான்.

"தொம்மை காலையில உங்கிட்ட என்னமோ சொன்னானே, என்ன?"

பிலோமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "கருவாட்டுப் பெட்டி ஈரமா இருக்குன்னு சொன்னான்" என்றாள். வீடு வரும்வரை கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தே வந்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில், கஸ்பார் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். காலையும் தூக்கிக்கொண்டான். வேன் தானாக வளைந்து வந்து வாகைமரத்தடியில் நின்றது. பழகி கற்றுக்கொண்டுவிட்டது. இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிலோமி கிட்டங்கியிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்து வந்தாள். ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். அவன் இறக்கினான்.

"இங்கன என்னத்துக்கு நிக்கீய?"

"நான் எங்க நிக்கேன்? வண்டி நிக்கி. அது ததேயு பழக்கம்லா."

"அவியதான் போயிட்டாவளே. நீங்கதானே கம்பியை எடுத்தீய."

கஸ்பார் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "எப்பம் தெரியும்?"

"முதல் நாளே தெரியும். இந்த மரத்துல நிக்காம நேரா வாசலுக்கு வந்தீயளே, அப்பமே தெரியும். நான் வாயால சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டீயன்னு நினைச்சேன். அன்னைக்கு நான் இருந்த சந்தோசம் எனக்குத்தான் தெரியும்."

"அப்பம் நீ... அதை அழிக்கத்தான் கொண்டுவந்தியா?"

"பின்னே எதுக்கு? நானா போயி அழிச்சிருங்கன்னு சொல்ல முடியுமா? புதுசு வந்ததும் பழசைத் துடைச்சுட்டான்னு ஊரு பேசாதா? எல்லார்ட்டயும் மூணு தரம் கேக்கீயளே, எங்கிட்டயும் கேப்பீய, ஆமான்னு சொல்லிருவோம்னுதான் வந்து நின்னேன். நீங்க கேக்கவே இல்ல."

"அவரு உன் மேல உசுரா இருந்தாரேன்னு..."

"யாரு சொன்னா?" பிலோமியின் குரல் உயரவில்லை. "அவிய இந்த மரத்துல எதுக்கு நின்னாவன்னு தெரியுமா? நான் யார்ட்டப் பேசுதேன், யாரைப் பாத்துச் சிரிக்கேன்னு எண்ணுறதுக்கு. மெதுவா உருட்டுனது எதுக்கு? வீடு போய்ச் சேருறதுக்குள்ள ஒவ்வொருத்தனா பேரைச் சொல்லிக் கேக்குறதுக்கு. வாசல்ல ரெண்டு ஹார்ன் அடிச்சா நான் வெளிய வந்து நிக்கணும். வரலன்னா அன்னைக்குச் சோறு கிடையாது. ஆறு வருசம். அவிய போனதுக்குப் பொறவும் இந்த வண்டி மூணு வருசம் வந்து வந்து என்னைப் பாத்துக்கிட்டுத்தான் நின்னுது."

கஸ்பார் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியாது பிலோமி. நீ சந்தோசப்படுவேன்னுதான்..."

"சரி, தெரியாமத்தான் நின்னீய. முந்தாநேத்து கேட்டீயளே, தொம்மை என்ன சொன்னான்னு. அதை யாரு சொல்லித் தந்தா? அதே இடத்துல, அதே வேகத்துல, அதே கேள்வி."

அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

"இனிமே ஒரு நாள் இந்த மரத்தடியில வண்டியப் பாத்தேன்னா, மணப்பாட்டுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். மிரட்டுதேன்னு நினைக்காதீய. இன்னொரு தரம் இதைத் தாங்க என்னால ஆவாது."

"இன்னைக்கே போர்டைக் கழட்டிருதேன்" என்றான் கஸ்பார். "மாதா மேல சத்தியம்."

அவன் அதை மனசாரத்தான் சொன்னான். பிலோமி கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போனாள். அவள் நடையில் இத்தனை நாள் இருந்த விறைப்பு இல்லை.

கிட்டங்கி வாசலில் தொம்மை தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் என்னவோ கேட்டான். அவள் பதில் சொன்னாள். அவன் திரும்பவும் என்னவோ சொன்னான். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக பிலோமி சிரித்தாள்.

நாலு நிமிடம் ஆகிவிட்டது. வேன் சத்தமில்லாமல் மரத்தடியை விட்டு நகரத் தொடங்கியது.

கஸ்பார் பிரேக்கை மிதித்தான்.

அப்படி என்னதான் சொல்லியிருப்பான் என்று பார்த்துக்கொள்ள இன்னும் ஒரு நிமிடம் போதும் என்று அவனுக்குத் தோன்றியது. சீட்டுக்கு அடியில் பழகி அந்த ஒரு நிமிடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கியது.